ஒரமாவில் வீடு பார்த்திருக்கிறோம், செப்டிக் டேங்க் பக்கத்து வீட்டு போர்ட்டிகோவுக்குக் கீழே இருக்கிறது. வாங்கலாமா?

வாடகைவாசி

பெங்களூர் நண்பர்களுக்கு வணக்கம். ஒரமாவு பக்கம் ஒரு தனி வீடு விலை பேசி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். 30க்கு 40 சைட், கிழக்குப் பார்த்த வாசல், கீழே இரண்டு பெட்ரூம், மேலே ஒரு போர்ஷன். ஏ-காத்தா, இ-காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) எல்லாம் சரியாக இருக்கிறது. காவேரி என்ற பத்திரப்பதிவுத் தளத்தில் இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தோம், வில்லங்கம் எதுவும் இல்லை. பேங்க் வக்கீலும் சரி என்று சொல்லிவிட்டார்.

டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் மாமனாரைக் கூட்டிப் போனோம். ஈரோட்டில் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "டேங்க்கோட காத்துக் குழாய் எங்க?" என்றார். இந்த வீட்டில் காற்றுக் குழாயே இல்லை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சுவரோரம், தலையில் வலை கட்டிய வெள்ளைக் குழாய் ஒன்று நிற்கிறது. உடனே பின்பக்க சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறக்கச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து டாய்லெட்டில் ஊற்றினோம். நீலத் தண்ணீர் சேம்பருக்கு வந்து ஒரு சுற்று சுற்றி, தெற்குச் சுவருக்கு அடியில் போகும் நாலு இஞ்ச் குழாய்க்குள் இறங்கிப் போய்விட்டது.

விற்பவரைக் கேட்டோம். அப்பா காலத்தில் 60க்கு 40 ஒரே சைட்டாம். வீடு வடக்குப் பாதியில், டேங்க் தெற்கே காலி இடத்தில். 2011இல் பாகப்பிரிவினை ஆகி, தெற்குப் பாதி அண்ணனுக்கும் வடக்குப் பாதி இவருக்கும் வந்திருக்கிறது. அண்ணன் வீடு கட்டியபோது டேங்க் அவருடைய போர்ட்டிகோவுக்கு அடியில் போய்விட்டது. மூடிக்கு மேல் கிரானைட், அதற்கு மேல் கார். "எங்க அண்ணன்தானே சார், ஒரு பிரச்சனையும் வராது. இத்தனை வருஷத்தில் டேங்க்கை எடுத்ததே இல்லை" என்கிறார். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்.

அந்த வீடு இருக்கும் கிராஸில் (குறுக்குத் தெருவில்) யு.ஜி.டி. (பாதாளச் சாக்கடை) இல்லை, மெயின் ரோடு வரை வந்திருக்கிறது. வீட்டம்மாவுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே இன்னொரு மாடி எடுத்து வாடகைக்கு விட்டால் இ.எம்.ஐ.யில் பாதி வந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. இதை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

அல்சூர் அண்ணாச்சி

தம்பி, முதலில் மாமனாருக்கு ஒரு நல்ல ஃபில்டர் காபி வாங்கிக் கொடுங்கள். பேங்க்கிலிருந்து வந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

பயப்படாதீர்கள். இந்த ஊரின் ஓரத்தில் இது சர்வ சாதாரணம். 2007இல் மாநகராட்சியோடு ஏழு நகரசபைகளையும் கெங்கேரியையும் 110 கிராமங்களையும் சேர்த்தார்கள். ஊர் ஒரே நாளில் பெரிதாகிவிட்டது, சாக்கடைக் குழாய் அந்த வேகத்தில் நீளவில்லை. லேஅவுட் போட்டவர்கள் ரோட்டையும் கரண்ட் கம்பத்தையும் காட்டி சைட்டை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கினவர்கள் குழி தோண்டி சிமென்ட் ரிங் இறக்கிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழி, இதில் என்ன அதிசயம்? 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள். அந்தக் கிராமங்களுக்குத்தான் அந்தத் தண்ணீர். உள்ளே வருகிற தண்ணீருக்குத் திட்டம் வந்த அளவுக்கு வெளியே போகிற தண்ணீருக்கு வரவில்லை.

மெயின் ரோட்டுக்கு யு.ஜி.டி. வந்தாயிற்று என்றால் கிராஸுக்கும் ஒருநாள் வரும். அதுவரைக்கும் அண்ணனோடு நல்லபடியாக இருங்கள். நேரில் போய், ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு முதல் நாளே பத்திரம், கையெழுத்து என்று ஆரம்பித்தால் உறவு கெட்டுவிடும்.

மடக்குக்குடை

அண்ணனும் தம்பியும் இன்றைக்குப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடச் சொல்கிறாரா அண்ணாச்சி? நீங்கள் வீட்டை வாங்கிவிட்டால் அந்த அண்ணனுக்கு நீங்கள் தம்பி இல்லையே.

கோர்ட் குமாஸ்தா

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து பத்திரம் படித்தே தலை நரைத்தவன். மடக்குக்குடை ஒரு வரியில் சொன்னதைத்தான் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறது.

அண்ணன் தம்பிக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்திருப்பது அனுமதியாக மட்டும் இருந்தால் அதற்கு லைசென்ஸ் என்று பெயர் (பிரிவு 52). அது ஆளுக்குக் கொடுப்பது. தம்பி வீட்டை உங்களுக்கு விற்றால் அந்த அனுமதி கூடவே நடந்து வராது. நாளைக்கு அண்ணன் தன் வீட்டை இன்னொருவருக்கு விற்றாலும், வாங்கியவர் அந்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை (பிரிவு 59). அனுபவ பாத்தியம், அதாவது அடுத்தவர் இடத்தை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையான ஈஸ்மென்ட், வேறு. அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. வீடு கைமாறினால் பாத்தியமும் சேர்ந்து மாறும் (பிரிவு 19). உங்கள் வீட்டுக்கு இருப்பது இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் டோக்கன் கொடுக்காதீர்கள்.

இ.சி.யில் வில்லங்கம் இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பதிவான பத்திரம்தான் இ.சி.யில் வரும். மண்ணுக்கடியில் போகும் குழாயை யாரும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு செய்வதில்லை.

இன்னொன்று. சொத்தில் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 55 சொல்கிறது. உங்கள் மாமனார் கண்டுபிடித்துவிட்டார். பத்திரம் முடிந்தபிறகு "மறைத்துவிட்டார்" என்று போய் நிற்க முடியாது. பேசுவதானால் இப்போதே பேசுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் குழாய், டேங்க், பாத்தியம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? அந்த ஷெட்யூல் (சொத்து விவரம்) பகுதியை மட்டும் இங்கே எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம்.

பேகூர் செல்வி

எல்லாரும் வாங்குபவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் அந்த 'அண்ணன்' பக்கம் இருக்கிறவள். எங்கள் இடத்தில் பக்கத்து வீட்டு டேங்க் இருக்கிறது. மாமனார் காலத்தில் நட்புக்காக விட்டது.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அப்போது அந்த வீட்டில் நாலு பேர். அவர்கள் விற்றார்கள், வாங்கியவர் மூன்று மாடி எடுத்து வாடகைக்கு விட்டார். இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. மழைக்காலத்தில் டேங்க் நிரம்பி எங்கள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பொங்கும். அவர்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. போன் செய்தால் "லாரி சொல்லியிருக்கேன் மேடம்" என்பார். லாரி வரும்போது கேட்டைத் திறந்துவிட, நாற்றத்தோடு நிற்க, குழாய் இழுத்த இடத்தைக் கழுவ எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். பின்பக்கம் ஒரு ரூம் போடலாம் என்றால் டேங்க் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நீங்களும் இன்னொரு மாடி எடுத்து வாடகைக்கு விடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அந்த அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? ஸ்வீட்டோடு போகும்போது இதையும் சொல்லுங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

வாடகைவாசி

செல்வி அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைத்தது. மாடி பற்றி இன்னும் யாரிடமும் பேசவில்லை.

குமாஸ்தா சார், பத்திரத்தைத் திரும்பப் படித்தேன். இரண்டு ஷெட்யூலிலும் நான்கு எல்லையும் அளவும் இருக்கிறது. கடைசியில் "நீர், காற்று, வழி முதலான சகல பாத்தியங்களுடன்" என்று ஒரு வரி. டேங்க், குழாய் என்ற பேச்சே இல்லை. அப்பா கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் உரிமை தானாக வந்துவிடும் என்று புரோக்கர் சொல்கிறார். சரியா?

கோர்ட் குமாஸ்தா

புரோக்கர் பாதி கேட்டதை முழுதாகச் சொல்கிறார். 20 வருஷ அனுபவத்தால் பாத்தியம் வரும், பிரிவு 15. ஆனால் அந்த 20 வருஷமும் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அடுத்தவர் இடத்தில் அனுபவித்திருக்க வேண்டும். அப்பா காலத்தில் இரண்டு பாதியும் அவருடையதே. தன் இடத்தில் தனக்கே யாரும் பாத்தியம் சம்பாதிக்க முடியாது. ஆகவே கணக்கு 2011இல்தான் தொடங்குகிறது, 20 இன்னும் ஆகவில்லை. அதற்குள்ளும் "அண்ணன் அனுமதித்தார்" என்றால் அது உரிமையாக அனுபவித்தது ஆகாது. விற்பவர் "அண்ணன்தானே, ஒன்றும் சொல்லமாட்டார்" என்று சொல்லச் சொல்ல உங்கள் கேஸ் பலவீனமாகிறது.

அந்தப் பொதுவான கடைசி வரி எல்லாப் பத்திரத்திலும் வரும். இருக்கிற பாத்தியத்தை அது உங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும், இல்லாத பாத்தியத்தைப் பிறப்பிக்காது.

உங்களுக்கு உதவக்கூடியது பிரிவு 13. ஒன்றாக இருந்த சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒரு பங்கை அனுபவிக்க இன்னொரு பங்கின் மேல் ஏதாவது வசதி அவசியமாக இருந்தால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்தப் பாத்தியம் உண்டு. கண்ணுக்குத் தெரியக்கூடிய, தொடர்ந்து நடக்கிற வசதிக்கும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் குழாய் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் கவனமாகப் பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடிய வடிகாலைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. உங்கள் மாமனார் செய்தது அதைத்தான்.

இதை வைத்து வாதாடலாம். வாதாடுவது என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போவது. அதற்குள் எத்தனை மழைக்காலம் போகும் என்று செல்வி அம்மாவைக் கேளுங்கள். தவிர, அவசியத்தை வைத்து வந்த பாத்தியம் அவசியம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும், பிரிவு 41. கிராஸுக்கு யு.ஜி.டி. வந்த அன்று அண்ணன் குழாயை அடைக்கச் சொல்லலாம். அது உங்களுக்கு நஷ்டமும் இல்லை.

மாடி விஷயம்தான் நீங்கள் யோசிக்க வேண்டியது. உங்கள் வீட்டில் நிரந்தரமான மாற்றம் செய்து அடுத்தவர் இடத்தின் மேல் சுமையைக் கணிசமாக ஏற்றினால், அது அவசியத்தை வைத்து வந்த பாத்தியமாக இல்லாதபோது, பாத்தியமே அழிந்துபோக பிரிவு 43 வழி வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இருந்த டேங்க்கில் மூன்று குடும்பத்தைச் சேர்த்தால் அந்த வாதத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

அல்சூர் அண்ணாச்சி

பிரிவு, பிரிவு என்று சொல்லியே தம்பியைப் பிரித்துவிடுவீர்கள் போல. நாங்கள் மர்ஃபி டவுனில் ஒரே சுவரை இரண்டு பக்கமும் வைத்து வாழ்ந்தவர்கள். ஒரு தாள்கூட எழுதியதில்லை.

பேகூர் செல்வி

அண்ணாச்சி, எங்கள் மாமனாரும் எழுதவில்லை. அதனால்தான் இன்றைக்கு நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சிவில்

சட்டத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் குழிக்குள் பார்க்கிறேன்.

"எடுத்ததே இல்லை" என்று விற்பவர் சொன்னாரே, அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்னதிலேயே முக்கியமான தகவல் அதுதான். அடியில் கான்கிரீட் போட்டு நாலு பக்கமும் பூசிய டேங்க் என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுத்தாக வேண்டும். எடுக்காமல் இத்தனை காலம் ஓடுகிறது என்றால் அது டேங்க்கே இல்லை. அடி திறந்த ரிங் குழி. எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் மேலே செம்மண், அதற்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. மக்கிய பாறைக்குள் இறங்கிய கழிவுநீர் கெட்டிப் பாறையின் வெடிப்பு வழியாகப் போர்வெல்லுக்குப் போய்ச் சேரும். வீட்டில் போர் இருக்கிறதா? இருந்தால் குழியிலிருந்து எத்தனை அடி?

ஐ.எஸ். 2470 என்று ஒரு தரநிலை இருக்கிறது. செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணில் இறக்கும் இடம் குடிதண்ணீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 18 மீட்டர் 59 அடி. 30க்கு 40 சைட்டில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தாலே 50 அடிதான் வரும். ஆகவே போரும் சோக் பிட்டும் (டேங்க் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியும்) ஒரே சைட்டில் வைத்தால், எங்கே வைத்தாலும் அந்த அளவு வராது. ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன என்பதற்காகத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். டேங்க் நீங்கள் நினைக்கிற அளவு பெரியது இல்லை. அதே தரநிலைப்படி ஐந்து பேருக்கு உள்ளளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். அஞ்சடிக்கு ரெண்டரை அடி. பத்துப் பேர் என்றால் நீளம் இரண்டு மீட்டர், அகலம் 0.9 மீட்டர். உங்கள் போர்ட்டிகோவிலேயே அடங்கிவிடும். பாத்ரூம்கள் பின்பக்கம் இருக்கின்றன, டேங்க் முன்பக்கம் வரும். பக்கவாட்டு செட்பேக்கில் (வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே விட்ட இடத்தில்) குழாயைக் கொண்டுவரலாம். நாற்பது அடிக்கு நாற்பதில் ஒன்று சரிவு கொடுத்தால் ஓரடி இறங்கும். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சேம்பர் வையுங்கள். முன்பக்கம் டேங்க் இருந்தால் லாரி ரோட்டில் நின்றபடியே உறிஞ்சிவிடும். நாளைக்கு யு.ஜி.டி. வந்தால் அங்கிருந்து பத்தடியில் இணைப்பு.

சோக் பிட் விஷயத்தில் மட்டும் வேறு வழி இல்லை. போர்வெல்லிலிருந்து அதை எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி வையுங்கள், போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

கே.ஜி.எஃப். பையன்

யாரும் தொடாத ஒரு விஷயம். டேங்க் மூடி மேல் கிரானைட், அதன்மேல் கார் என்று எழுதியிருக்கிறார். ஒருநாள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கிரானைட்டை உடைக்க அண்ணன் விடமாட்டார். சேம்பர் வழியாக ஹோஸ் எட்டாது. அப்புறம் யாராவது ஒருவர், "ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன் சார், உள்ளே இறங்கி க்ளீன் பண்ணிடுவாங்க" என்பார். ஹோஸ் போக வழியில்லாத இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆளை இறக்குகிறார்கள்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்டிராக்டரைக் காட்டி வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, முன்பு அது 10 லட்சமாக இருந்தது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். நாற்றம் போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை என்று இறங்குகிறவர்தான் சாகிறார். எங்கள் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன் இதை எதிர்த்துத்தான் வாழ்நாள் முழுக்கப் போராடிக்கொண்டிருக்கிறார், 2016இல் மகசேசே விருது வாங்கினார். பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் இதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லை என்றால் எப்படி?

லாரி ஹோஸ் நேராக மூடி வரை போகிற இடத்தில் டேங்க் இருக்க வேண்டும். வீடு வாங்கும்போது இதைப் பாருங்கள், வாஸ்துவை அப்புறம் பாருங்கள்.

மடக்குக்குடை

வாஸ்துப்படி தெற்கில் டேங்க் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சட்டத்துக்கு மசியாதவர் அதற்கு மசிவார்.

வாடகைவாசி

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தோம். அண்ணாச்சி சொன்னபடி ஸ்வீட்டும் கொண்டுபோனோம், செல்வி அக்கா சொன்னபடி மாடியையும் சொன்னோம்.

அவர் முகம் மாறத்தான் செய்தது. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அவருக்கு அந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணமாம். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தாராம். அவருடைய டாய்லெட்டும் அதே குழிக்குத்தான் போகிறது, அதனால் குழி இருக்கும். எங்கள் குழாய் மட்டும் வேண்டாம். "விக்கிறதுக்கு முன்னாடி தம்பி தன் வீட்டுக்குத் தனியா டேங்க் போட்டுக்கிட்டா, எங்க பக்கத்துல நானே சுவரோரம் குழாயை அடைச்சுக்கிறேன்" என்றார். பாத்தியப் பத்திரம் எழுதிக் கொடுப்பீர்களா என்றும் கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். அவர் வீடு ஒரு பேங்க்கில் அடமானத்தில் இருக்கிறதாம்.

விற்பவர் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், டேங்க்கை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

கோர்ட் குமாஸ்தா

அடமானம் என்று அவர் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. அடமானத்தில் இருக்கிற இடத்தில் பேங்க்கின் சம்மதம் இல்லாமல் எழுதி வாங்கும் பாத்தியத்தை நம்பிப் பணம் போடக் கூடாது.

பாத்தியப் பத்திரம் எழுத வழி உள்ளவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தின் மேல் உரிமை பிறப்பிக்கும் பத்திரம் பதிவாக வேண்டும். குழி எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று வரைபடம் இணைக்க வேண்டும். உள்ளே வந்து எடுக்க, பழுது பார்க்க உரிமை, செலவு யாருடையது, மேலே கட்டடம் கூடாது, வாரிசையும் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும், யு.ஜி.டி. இணைப்பு வந்ததும் முடியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எத்தனை பேர் வரை, எத்தனை போர்ஷன் வரை என்பதையும் எழுதிவிட்டால் செல்வி அம்மா வீட்டுக் கதை வராது.

உங்கள் விஷயத்தில் விலைக் குறைப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவரே கட்டிக் கொடுக்கட்டும். நீங்கள் பதிவு முடித்த அடுத்த நாள் அண்ணன் குழாயை அடைத்துவிட்டால், உங்கள் வீட்டில் ஃப்ளஷ் செய்ய முடியாது. சேல் அக்ரிமென்டில் டேங்க் கட்டி, புதுக் குழாயில் இணைத்து, பழைய குழாயைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அடைத்துக் காட்டிய பிறகே மீதிப் பணமும் பதிவும் என்று எழுதுங்கள். அந்த வரிக்கு அண்ணனையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சிவில்

கட்டும்போது நீங்களோ மாமனாரோ பக்கத்தில் இருங்கள். அடியில் கான்கிரீட் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். டேங்க் மேல் கார் நிற்கப் போகிறது என்றால் மூடும் ஸ்லாபுக்கு அதற்கேற்ற கம்பி வேண்டும், அதை மேஸ்திரி வாய்க்கணக்கில் போட விடாதீர்கள். மூடி மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டாம். அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போர் தண்ணீரை டெஸ்ட் கொடுத்தீர்களா?

வாடகைவாசி

கொடுத்தோம். போர் எங்கள் தெற்குச் சுவரோரம்தான் இருக்கிறது, அண்ணன் வீட்டுக் குழிக்கு ரொம்பப் பக்கம். நைட்ரேட் 70க்கு மேல். கோலிஃபார்ம் கிருமியும் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். காய்ச்சிக் குடிக்கலாமா?

ஓய்வுபெற்ற சிவில்

நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. இல்லாமல் வாயில் வைக்காதீர்கள், கைக்குழந்தை இருந்தால் போர் தண்ணீரில் பால்பவுடர் கலக்கவே கூடாது. உங்கள் குழாயை மாற்றிவிட்டாலும் அண்ணன் குழி அங்கேயேதான் இருக்கும், இந்த எண் சீக்கிரம் இறங்காது. குளிக்க, துவைக்க போர் போதும். குடிக்கக் காவிரி. வீட்டுக்குக் காவிரி கனெக்‌ஷன் இருக்கிறதா?

வாடகைவாசி

இருக்கிறது சார், குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்தேன்.

பேகூர் செல்வி

தண்ணீர் வருவது சரி. மீட்டர் எங்கே இருக்கிறது, பில் யார் பேரில் வருகிறது என்று பார்த்தீர்களா?

வாடகைவாசி

இப்போதுதான் விற்பவரிடம் போனில் கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். அண்ணன் போர்ட்டிகோவில் இருக்கிறது, பில்லும் அவர் பேரில்.

கோர்ட் குமாஸ்தா

அக்ரிமென்டில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.